ஜப்பானின் சின்ன ஊர்களில் இலையுதிர்காலக் கார் பயணம்: மறக்க முடியாத சந்திப்புகளைச் சொல்லுங்கள்

மலைவழி:

நவம்பர் முதல் வாரம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு கிஸோ பள்ளத்தாக்குக்குப் போகிறோம். நகோயாவில் கார் எடுத்து மாகோமே, த்சுமாகோ, நராய் என்று நகாசெந்தோ பழைய சாலையின் ஊர்கள். வழித்தடம் கையில் இருக்கிறது, அதைக் கேட்க வரவில்லை. அங்கே யாரைச் சந்தித்தீர்கள், எது இன்னும் மனதில் நிற்கிறது, அதைச் சொல்லுங்கள்.

என்னுடையது இது. முன்பு ஒரு முறை அதே பக்கம் போனபோது 19ஆம் எண் சாலையில் லாரிகள் விடாமல் பின்னால் நெருக்கின. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்த கிராமச் சாலைக்கு மாறினோம். ஒரு கார் மட்டுமே போகும் அகலம், இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் கீழே ஆறு. ஒரு வளைவில் எதிரே வெள்ளை நிறக் குட்டி டிரக், முதியவர் ஓட்டுகிறார் என்று காட்டும் நாலிலை ஸ்டிக்கரோடு. நான் கியரைத் தொடுவதற்குள் அவர் பின்னால் போகத் தொடங்கிவிட்டார். ஒரு வளைவு, இன்னொரு வளைவு, அதற்கும் அப்பால். அத்தனை தூரமும் சுவரை உரசாமல் ரிவர்ஸில் போய், ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கி நின்றார். நாங்கள் கடக்கும்போது நன்றி சொல்ல வேண்டியது நாங்கள், ஆனால் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அவர்தான் முதலில் தலை குனிந்தார். வண்டிக்குப் பின்னால் கூடை கூடையாகப் பெர்சிமன் பழம். அந்த வீட்டுத் தாழ்வாரத்திலும் தோல் சீவிய பழங்களைக் கயிற்றில் கோத்துக் காயப் போட்டிருந்தார்கள்.

அன்று இருட்டுவதற்குள் வேறோர் ஊர் போய்ச் சேர வேண்டிய திட்டம், நிற்க முடியவில்லை. அதனால்தான் இந்த முறை ஒரு நாளைக்கு ஒரே ஊர் என்று வைத்திருக்கிறேன்.

சிறுவாணி:

ஷிரகாவா-கோ கிராமம், தொபுரொக்குத் திருவிழா. அக்டோபர் நடுவில் வரும், தெரிந்திருக்கும். கோயிலிலேயே வடிக்கும் வெள்ளைக் கள் மாதிரியான சாக்கே (அரிசி மது), சாமிக்குப் படைத்துவிட்டு வருகிறவர்களுக்கு ஊற்றுவார்கள். வெள்ளை ஏப்ரன் கட்டிய ஊர்ப் பெண்கள் கெண்டியோடு வரிசையாக வருவார்கள்.

எனக்கு ஊற்றிய அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அடுத்து என் கணவர் கிண்ணத்தை நீட்டினார், ஒரு வாய் ருசி பார்க்கலாம் என்று. அவர் விரலில் கார் சாவி தொங்கியது. அந்த அம்மா சாவியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், தன் உள்ளங்கையால் கிண்ணத்தை மூடினார். பின்னால் வரிசை நிற்கிறது, மேளம் அடிக்கிறது, அந்தக் கையை எடுக்கவே இல்லை. அப்புறம் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். நம்மைக் காப்பாற்றிவிட்டு நம்மிடமே மன்னிப்பு! இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அங்கே ஓட்டுகிறவருக்கு மட்டும் தண்டனை இல்லை. 2007 முதல் ஊற்றிக் கொடுத்தவர், தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் எல்லாருக்கும் உண்டு. அந்த அம்மா சட்டத்துக்குப் பயந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கொங்குவழி:

மலைவழி, கிஸோ நல்ல இடம்தான், ஆனால் நவம்பர் தொடக்கத்து விடுமுறையில் அங்கே கூட்டம் இருக்கும். இலையுதிர் காலம் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே தோஹொக்கு. அங்கேதான் எனக்கு இது நடந்தது.

ஐஸு பக்கம், கூரை வேய்ந்த வீடுகள் வரிசையாக நிற்கும் ஓச்சி-ஜுக்குவில் லீக் தண்டையே கரண்டியாகப் பிடித்துச் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஊரை விட்டு வெளியே வரும் கார் வரிசை நகரவே இல்லை. மலைக்குப் பின்னால் சூரியன் போனதும் சட்டென்று இருட்டு. நாங்கள் தங்க வேண்டிய ரியோகான் (பழைய பாணி ஜப்பானிய விடுதி) ஆற்றோரம், சாலையிலிருந்து கீழே இறங்கும் திருப்பம் கண்ணுக்கே தெரியாத இடம். திருப்பம் வந்தபோது ஒரு டார்ச் வெளிச்சம் வட்டமாகச் சுற்றியது. ரியோகான் முதலாளி, மேலே குளிர்கோட்டு, காலில் மரச் செருப்பு. இராச் சாப்பாடு ஆறு மணிக்கு, நாங்கள் வரவில்லை, அதனால் சாலைக்கே வந்து நின்றிருக்கிறார். எவ்வளவு நேரமாக என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, சிரித்தார். காருக்கு முன்னால் டார்ச்சோடு நடந்தே கீழே வரை வழி காட்டினார்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை. கேட்கவில்லை என்று தெரியும், ஆனாலும் பெற்றோரோடு போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி கொடுப்பதைத்தான் ஜப்பான் ஏற்கும், இந்தியா கொடுப்பது அதுதான். ஊரில் எடுத்த லைசென்ஸ் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே வைத்திருங்கள். கார் வாடகைக்கு எடுக்கும்போதே ஈடிசி அட்டை (சுங்கம் தானாகக் கட்டும் அட்டை) கேளுங்கள். கருவி காரில் இருக்கும், அட்டை தனி. அது இல்லாமல் சில சிறிய சுங்க வாயில்களில் நுழையவே முடியாது. சிவப்பு நிறத்தில் தலைகீழ் முக்கோணம் கண்டால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், மெதுவாக உருட்டினாலும் போலீஸ் பிடிக்கும். ரயில் கேட் திறந்திருந்தாலும் நின்றுதான் கடக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் சிவப்புக் குழாய் சாதாரணப் பெட்ரோல், மஞ்சள் உயர் ரகம், பச்சை டீசல். சின்ன ஊர் பங்குகள் சாயங்காலமே மூடிவிடும், ஞாயிறு திறக்காததும் உண்டு. பாதி டாங்க் ஆனதுமே நிரப்புங்கள். நேவிகேஷனில் ஊர்ப் பெயரை அடித்துத் தேடாதீர்கள், போகும் இடத்தின் தொலைபேசி எண்ணைப் போட்டால் போதும். நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறையும், பள்ளத்தாக்கில் அதற்கும் முன்னால் வெளிச்சம் போய்விடும். மூன்றரைக்குத் தங்குமிடத்தில் இருக்கிற மாதிரி பாருங்கள். தோஹொக்கு போவதாக இருந்தால் மலைச் சாலைகள் மூடும் தேதியையும் பாருங்கள், பந்தாய்-அஸுமா ஸ்கைலைன் நவம்பர் நடுவில் மூடினால் வசந்தத்தில்தான் திறக்கும்.

வைகைக்கரை:

கொங்குவழி சார், அவர் கேட்டது சந்திப்பு. டார்ச்சோடு வந்த மனிதரைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருந்தால் படித்திருப்பேன், பெட்ரோல் குழாய் நிறம் எங்கேயும் கிடைக்கும். அப்புறம் ‘மூன்றரைக்குள் அறைக்குப் போய்விடு’ என்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இலையுதிர்காலத்தில் நாலு மணி வெளிச்சத்துக்காகத்தானே போகிறோம்?

ஷிகொக்கு தீவு, இயா பள்ளத்தாக்கு. கொடிப்பாலத்துக்கு எல்லாரும் போவார்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கொடிகளைப் புதிதாகப் பின்னுகிற பாலம். அதையும் தாண்டி உள்ளே போனால் நாகோரோ. ஊரை விட்டுப் போனவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் பதிலாகத் துணிப் பொம்மை செய்து வைத்திருக்கும் கிராமம், படங்களில் பார்த்திருப்பீர்கள். மனிதர்களைவிடப் பொம்மைகள் பல மடங்கு. வயலில் மண்வெட்டியோடு ஒன்று, மின்கம்பத்தில் ஏறிய ஒன்று, பஸ் நிறுத்தத்தில் குடும்பமாக உட்கார்ந்தவை. பள்ளிக்கூடம் 2012இல் மூடிவிட்டார்கள். அங்கேயும் பொம்மைகள்தான்.

நாலு மணி வெயில் சாய்வாக விழுந்த நேரம். ஒரு வீட்டுச் சுவரோரம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், மூன்றும் பொம்மை என்றுதான் நினைத்தேன். போட்டோ எடுக்கக் கேமராவைத் தூக்கினேன். நடுவில் இருந்தவர் கையை உயர்த்தி ஆட்டினார். ஒரு பாட்டி. இரண்டு பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். நான் கேமராவை இறக்கிவிட்டேன். அவர் வலப்பக்கத்துப் பொம்மையைச் சற்றுத் தள்ளி வைத்து அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார், வந்து உட்கார் என்று. உட்கார்ந்தேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்கு வேறு மொழி தெரியாது. ஒரு கை பீன்ஸை என் பக்கம் தள்ளினார், உரித்தேன். இருட்டும்வரை உரித்தோம். பக்கத்தில் இருந்த பொம்மை யார் என்று கேட்க எனக்கு வழி தெரியவில்லை. அவருடைய வீட்டுக்காரராக இருக்குமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

தாமரைக்குளம்:

அம்மா சைவமா, மலைவழி? எங்கள் வீட்டில் சைவம். கிஸோவிலேயே ஒரு சின்ன மின்ஷுக்குவில் (வீட்டோடு நடத்தும் விடுதி) தங்கினோம், கணவனும் மனைவியும் மட்டும் நடத்துவது. ‘மீன், இறைச்சி வேண்டாம்’ என்று முன்பே எழுதியிருந்தோம். மலைக் கீரை, காளான், தோஃபு, கஷ்கொட்டைச் சோறு என்று அழகாக வைத்தார் அந்த அம்மா. என் அம்மா சூப் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா மட்டும் பார்த்துவிட்டார்.

உள்ளே போய் ஒரு பாக்கெட்டோடு வந்தார், காய்ந்த பொனிட்டோ மீன் சீவல். இதுவா என்று விரலால் காட்டினார். ஆமாம் என்று தலையசைத்தேன். எங்கள் தட்டுகளில் எவை எவை அதில் வெந்தனவோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெகுநேரம் பாத்திரச் சத்தம். கடற்பாசியும் காய்ந்த ஷிட்டாக்கே காளானும் மட்டும் போட்டு மறுபடி எல்லாம் வைத்துக்கொண்டு வந்து, அம்மா முதல் வாய் குடிக்கும்வரை கதவருகே முழந்தாளிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா குடித்துவிட்டுக் கைகூப்பினார். அவரும் கைகூப்பினார்.

சைவமாக இருந்தால் முதல் கடிதத்திலேயே ‘மீன் தாஷியும் வேண்டாம், கடற்பாசி தாஷி சரி’ என்று எழுதுங்கள். தாஷி என்பது சமையலுக்கு அடிப்படையான சாறு, அங்கே அதை யாரும் மீன் சாப்பாடாக எண்ணுவதில்லை. சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் அது இருக்கும். புளியோதரைப் பாக்கெட் எடுத்துக்கொண்டு போவதில் எனக்கு விருப்பமில்லை. இரவெல்லாம் நின்று சமைக்கிறவர் வீட்டில் நம் பாக்கெட்டைப் பிரிக்க மனம் வராது.

மட்சுமொட்டோவில் வசிக்கிறேன்:

கிஸோவை விட்டுத் தோஹொக்கு போ என்று கொங்குவழி சொல்வது சரியில்லை. கூட்டம் என்றால் தோக்கியோவுக்கு வடக்கே நிக்கோவின் இரோஹாசாக்கா மலைச்சாலை வளைவுகளில் இலை பார்க்கப் போய் மணிக்கணக்கில் காருக்குள் உட்கார்ந்து பாருங்கள். கிஸோவில் கூட்டம் மாகோமேயில், அதுவும் பகலில். பஸ்கள் போனபிறகு தெரு ஊர்க்காரர்களுடையது. த்சுமாகோவில் வீட்டை விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே என்று 1971இல் ஊரே சேர்ந்து முடிவு செய்தார்கள். அதனால் இராத்திரியும் அங்கே வீடுகளில் விளக்கு எரியும். பகலில் தெருவுக்குள் கார் விடமாட்டார்கள், வெளியே கட்டணப் பார்க்கிங் உண்டு. வடக்கே கரடி விஷயமும் இருக்கிறது. 2025 நவம்பரில் அகித்தா மாகாணத்துக்குத் தற்காப்புப் படையையே (ஜப்பான் ராணுவம்) அனுப்பினார்கள். கிஸோவிலும் கரடி உண்டு, மாகோமே–த்சுமாகோ நடைபாதையில் மணிகள் தொங்கும், ஒவ்வொன்றையும் பலமாக அடித்துக்கொண்டே போங்கள்.

அந்தப் பாதையில் நடுவில் பழைய மரவீட்டுத் தேநீர்க் கடை ஒன்று, கடை என்றாலும் காசு கிடையாது. கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தாத்தா டீ ஊற்றிவிட்டு எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றேன். ஒரு நோட்டில் கோடு போட்டார். அப்புறம் பக்கங்களைப் பின்னால் புரட்டி முந்தின கோடுகளை எல்லாம் விரல் வைத்துக் காட்டினார், அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில். நோட்டு முழுக்க வந்து போனவர்கள், அவர் அந்த அடுப்பருகிலேயே இருக்கிறார். அடுத்த வருஷம் போனபோது வேறொருவர் ஊற்றினார். கேட்கத் துணிவு வரவில்லை.

மலைவழி:

அத்தனை பேருக்கும் நன்றி. வைகைக்கரை, பீன்ஸ் உரித்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், இன்னொரு முறை படி என்றார்.

அம்மா சைவம்தான், தாமரைக்குளம் அக்கா. நீங்கள் சொன்ன வரியை அப்படியே எல்லாத் தங்குமிடங்களுக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். பட்டியலில் காமிகொச்சி இருந்தது, எடுத்துவிட்டேன். சொந்தக் காரை எங்கேயோ நிறுத்திவிட்டுப் பஸ் பிடிக்க வேண்டும், அரைநாள் அதிலேயே போகும். அந்த நாளை நராய்க்குக் கொடுத்தாயிற்று. ஒரு கிலோமீட்டர் தெருவுக்கு ஒரு முழு நாள் வேண்டுமா என்று அப்பா கேட்கிறார், வேண்டும்.

மட்சுமொட்டோக்காரரே, அப்பாவுக்கு முழங்கால் வலி. அந்தத் தேநீர் வீட்டுக்குப் போக எந்தப் பக்கமிருந்து நடப்பது சுலபம்?

மட்சுமொட்டோவில் வசிக்கிறேன்:

மாகோமேயிலிருந்து தொடங்குங்கள். ஏற்றம் குறைவு, கணவாய் தாண்டினால் இறக்கம்தான். ஆனால் முழங்காலுக்கு இறக்கம்தான் தொந்தரவு, கைத்தடி வேண்டும். முழுப் பாதை சுமார் எட்டுக் கிலோமீட்டர். அவ்வளவு வேண்டாமென்றால் பஸ்ஸில் கணவாய் வரை போய் அங்கிருந்து நடக்கலாம். திரும்பக் காரை எடுக்கவும் பஸ்தான், ஒரு நாளைக்குச் சிலதான் ஓடும், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொங்குவழி:

வைகைக்கரைக்கு: நாலு மணி வெளிச்சம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள் என்கிறேன். நீங்களும் அன்று சுவரோரம் உட்கார்ந்துதானே பார்த்தீர்கள்? அதற்குப் பிறகு அந்த இயா சாலையில் இருட்டில் எப்படித் திரும்பி ஓட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள், மலைவழிக்கு உதவும்.