அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை, பிறகு ஏன் சி.ரி.?

வெள்ளவத்தையிலிருந்து: தம்பிக்கு 19 வயது. தொண்டை நோ வந்து ஒரு கிழமையில் நடுக்கத்தோடு காய்ச்சல். இடது தாடைக்குக் கீழே கயிறு மாதிரித் தடிப்பு. தொட்டால் கையைத் தட்டிவிடுகிறான். அல்ட்ராசவுண்டில் இரத்தக்கட்டி தெரியவில்லை. இப்போது சாயம் ஏற்றி சி.ரி. ஸ்கான் எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: தேவை தங்கச்சி, இன்றைக்கே எடுங்கள். தொண்டைத் தொற்று கழுத்து நாளத்துக்குப் பரவி அங்கே இரத்தம் கட்டியிருக்கலாம். தாடை எலும்புக்கும் காறை எலும்புக்கும் பின்னால் இருப்பதை அல்ட்ராசவுண்டால் சரியாகப் பார்க்க முடியாது. புதிய இரத்தக்கட்டி தெரியாமலும் போகும். இதே நோய் வந்த என் மகளின் சி.ரி. படம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: கழுத்து நாளத்தின் சுவர் வெள்ளை வளையம், நடுவில் கறுப்பாக இரத்தக்கட்டி. நெஞ்சையும் பார்த்தார்கள், சீழ்த்துணுக்குகள் நுரையீரலுக்குப் போகுமாம். 1936இல் பிரெஞ்சு மருத்துவர் லெமியேர் விவரித்த நோய் இது.

இன்னொருவர்: சாயத்துக்கு முன் ஒவ்வாமை, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் சொல்லிவிடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: எடுத்தாச்சு அக்கா. இரத்தக்கட்டி இருக்கிறது. அன்ரிபயோட்டிக் ஏறுகிறது, பக்கத்தில்தான் இருக்கிறேன்.