3 அடி மீன் தொட்டில யாரு யாரைக் கடிக்கிறான்னே புரியல, கொஞ்சம் பாத்து சொல்லுங்க

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாசமா இங்க சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இப்ப வேற வழியில்லாம எழுதறேன். பொண்ணு பொறந்தநாளுக்குன்னு ஒரு தொட்டி வாங்கினோம், 3 அடி நீளம் 1 அடி அகலம் ஒன்றரை அடி உயரம், கல்லு போட்டது போக 110 லிட்டர் தண்ணி நிக்கும். எங்க ஏரியா கடைல என்னென்ன சேரும்னு கேட்டதுக்கு "எல்லாம் ஒண்ணா இருக்கும் சார், ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லி கையில கவர் கவரா குடுத்துட்டாரு. டைகர் பார்ப் 4, ஏஞ்சல் 3, நியான் டெட்ரா 10, ரெட் டெயில் ஷார்க் 1, ஃபைட்டர் 1, அப்பறம் பாசி திங்கும்னு மஞ்சளா ஒரு கோல்டன் சக்கர். பொண்ணு அதுக்கு மஞ்சள் மாமான்னு பேர் வெச்சிருக்கா.

மொத மூணு மாசம் சொர்க்கம். இப்ப பாத்தா ஃபைட்டர் வாலு கந்தல் துணி மாதிரி ஆயிடுச்சு, அதை எடுத்து தனியா ஒரு பாட்டில்ல வெச்சிருக்கேன். ஏஞ்சலுக்கு கீழ நூல் மாதிரி தொங்குமே அது ரெண்டுக்கு இல்லவே இல்ல. ஒரு ஏஞ்சலுக்கு மட்டும் பக்கவாட்டுல ஒரு ரூவா காசு சைஸுக்கு வெள்ளையா தேய்ஞ்ச மாதிரி இருக்கு, அது ஃபில்டர் பின்னாடி மூலையிலயே நிக்குது, தீனி போட்டாலும் வர்றதில்ல. நியான் பத்துல இப்ப ஆறு தான் இருக்கு, செத்த உடம்பு ஒண்ணு கூட கிடைக்கல, தொட்டிய விட்டு குதிச்சிருக்கும்னு சோஃபாவுக்கு அடியில எல்லாம் தேடிட்டேன். தண்ணி வாரம் ஒருவாட்டி கால்வாசி மாத்தறேன். யாரை வெளிய எடுக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க ப்ளீஸ்.

நெல்லை_அக்வா:
டைகரை தூக்குங்க ப்ரோ. வேற பேச்சே இல்ல. அது ரவுடி.

கொளத்தூர்_பழையகடை:
தம்பி அவசரப்பட்டு ஒண்ணையும் எடுக்காதீங்க. நான் சென்னை கொளத்தூர்ல எட்டு வருஷம் கலர் மீன் கடைல நின்னவன், இந்த மாதிரி கேசு வாரத்துக்கு நாலு வரும், வந்தவங்க எல்லாரும் ஒரே ஒரு குத்தவாளியைத்தான் தேடுவாங்க. உங்க தொட்டில ஒரு ஆள் இல்ல, மூணு நாலு பேரு, ஆளுக்கு ஒரு தப்பு. காயம் எங்க இருக்குன்னு பாத்தாலே யாருன்னு பாதி தெரிஞ்சிரும்.

துடுப்பு, வாலு, தொங்கற நூலு இதெல்லாம் கிழிஞ்சிருந்தா அது டைகர் பார்ப் தான், நெல்லை தம்பி சொன்னது அந்த அளவுக்கு சரி. ஆனா டைகர் ஏன் அப்படி பண்ணுதுன்னு பாக்கணும். சுமத்ரா போர்னியோ பக்கத்து மீனு, கூட்டமா திரியறது, அதுங்களுக்குள்ளயே யாரு பெரியவன்னு எப்பவும் ஒரு சண்டை ஓடிக்கிட்டே இருக்கும். பத்து இருந்தா அந்த சண்டை அதுங்களோட முடிஞ்சிரும். நாலே நாலு இருந்தா சண்டைக்கு ஆள் பத்தாம பக்கத்துல மெதுவா ஆடி ஆடி போறவன் மேல திரும்பும். ஏஞ்சலும் ஃபைட்டரும் தான் தொட்டியிலயே மெதுவா போறவங்க, துணி பறக்க விட்டுக்கிட்டு வேற.

நியான் காணாம போனதுக்கு டைகருக்கு சம்பந்தமே இல்ல. அது உங்க ஏஞ்சல் வேலை. வாங்கும்போது அஞ்சு ரூவா காசு அளவுல இருந்திருக்கும், இப்ப உள்ளங்கை சைஸ் வந்திருக்கும், சரியா? வாய்க்குள்ள போற சைஸ்ல இருக்கறது எல்லாமே அதுக்கு தீனி. அது பாக்க சாமி படம் மாதிரி அமைதியா இருக்கும், ஆனா அதுவும் ஆஸ்கார், ஃப்ளவர் ஹார்ன் வகையறா தான், சிக்லிட் குடும்பம். லைட் ஆஃப் பண்ணினதும் நியான் அடியில அசையாம நிக்கும், ஏஞ்சல் அப்ப வந்து எடுக்கும். அதான் உடம்பு கிடைக்கல. சோஃபாவை விட்ருங்க.

இப்ப அந்த வெள்ளை காசு. பக்கவாட்டுல, வட்டமா, செதில் தேய்ஞ்ச மாதிரி இருந்தா அது கடி இல்ல, உறிஞ்சினது. உங்க மஞ்சள் மாமா. அவர் சக்கர் ஃபிஷ்ஷே இல்ல தம்பி, அது வேற. சைனீஸ் ஆல்கே ஈட்டர்னு ஒண்ணு இருக்கு, அதோட மஞ்சள் ரகம் இது, பேர்ல தான் சைனா, ஊரு மேகாங், தாய்லாந்து பக்கம். சின்னதுல பாசி நல்லா திங்கும், அதைக் காட்டித்தான் நாங்களும் வித்தோம், பொய் சொல்லல. நாலு இன்ச் தாண்டினதும் பாசி அலுத்துப்போகும், உடம்பு தட்டையா இருக்கற மீன் மேல ஒட்டிக்கிட்டு மேல இருக்கற வழவழப்பை உறிஞ்சும். ஏஞ்சலை விட தட்டையா யாரு இருக்கா? அந்த வழவழப்பு தான் மீனுக்கு தோல் மேல இருக்கற காவலு, அது போச்சுன்னா புண்ணு, புண்ணு மேல பஞ்சு மாதிரி பூஞ்சை, அப்பறம் மீனை எடுத்து பூந்தொட்டில தான் பொதைக்கணும்.

ராத்திரி லைட் ஆஃப் பண்ணி ரெண்டு மணி நேரம் கழிச்சு சத்தமில்லாம போய் போன் டார்ச் அடிச்சு பாருங்க. அப்பறம் பேசுவோம்.

வைகைக்கரை:
அண்ணே... படிச்சிட்டு ராத்திரி ஒண்ணரை மணிக்கு எந்திரிச்சு போய் டார்ச் அடிச்சேன். மஞ்சள் மாமா ஏஞ்சல் முதுகுல ஏறி சவாரி போயிட்டு இருக்காரு!! அது உதறுது, விடல. எனக்கு கை நடுங்கிருச்சு. வீட்ல என்ன சத்தம்னு எந்திரிச்சு வந்து அவங்களும் பாத்தாங்க. மாமாவை வலைல புடிச்சு பக்கெட்ல போட்டுட்டேன். பொண்ணுகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல.

சிக்லிட்_பைத்தியம்:
ஹாஹா மாமா கதை சூப்பர். ஆனா பழையகடை அண்ணன் சொன்ன டைகர் மேட்டர்ல எனக்கு ஒண்ணு சொல்லணும். எடுக்கறதுக்கு பதிலா இன்னும் ஆறு டைகர் வாங்கி போட்டா பிரச்சனை தீரும் இல்ல? நான் எம்பூனா வெச்சிருக்கேன், ஆப்பிரிக்கா மலாவி ஏரில பாறை நடுவுல இருக்கற சிக்லிட் அது, 4 அடி தொட்டி, அதுல தத்துவமே இது தான். ரெண்டு மூணு மீன் மட்டும் இருந்தா பலசாலி ஒருத்தன் இன்னொருத்தனை தொரத்தி தொரத்தி கொல்லுவான், இருபது இருபத்தஞ்சு போட்டா யாரை தொரத்தறதுன்னே தெரியாம அடி எல்லாருக்கும் பங்காயிடும். ஒரு ஆணுக்கு மூணு நாலு பொண்ணுன்னு வெச்சுக்கணும், குகை மாதிரி கல்லு மேல வரைக்கும் அடுக்கணும், ஃபில்டர் ரெண்டு ஓட்டணும், தண்ணி மாத்தறது அதிகம், இது எல்லாம் சேர்ந்தா தான் ஓடும். ஆரம்பத்துல நான் அஞ்சு மட்டும் போட்டு மூணு மாசத்துல ஒண்ணே ஒண்ணு மிச்சம், அந்த ஒண்ணு மட்டும் ராஜா மாதிரி திரிஞ்சுது.

கொளத்தூர்_பழையகடை:
சிக்லிட் தம்பி, உங்க எம்பூனாவுக்கு அது சரி, அதுங்க எல்லாம் ஒரே ஊரு, ஒரே வேகம், ஒரே கடினத் தண்ணி. இவர் தொட்டி 1 அடி அகலம், 110 லிட்டர். அதுல பத்து டைகரும் போட்டு நூல் தொங்கற ஏஞ்சலும் வெச்சா நான் ஒத்துக்க மாட்டேன். டைகர் கூட்டம் போட்டா கடி குறையும், நிக்காது. கூட்டமா வெச்சும் ஏஞ்சல் துடுப்பு கிழிஞ்ச தொட்டி நான் நிறைய பாத்திருக்கேன்.

சிக்லிட்_பைத்தியம்:
சரி அண்ணா, 4 அடில நான் பாத்த ஒண்ணுல ஒழுங்கா இருந்துச்சு, அதை வெச்சு சொன்னேன். 3 அடிக்கு வாபஸ் 😄

மலைக்கோட்டை_பவி:
ஒரு விஷயத்தை யாரும் கேக்கல. மூணு ஏஞ்சல்ல ரெண்டு மட்டும் சேர்ந்தே சுத்துதா? ஃபில்டர் குழாய், ஹீட்டர், இலை இப்படி நேரா நிக்கற எதையாவது ரெண்டும் மாத்தி மாத்தி கொத்தி சுத்தம் பண்ணுதா? அப்படின்னா மூலையில நிக்கறதுக்கு மஞ்சள் மாமா மட்டும் காரணம் இல்ல. ஜோடி சேர்ந்துருச்சுன்னா பாதி தொட்டி அவங்களோடது, மூணாவது ஏஞ்சல் இருக்கவே கூடாதுன்னு நெனைப்பாங்க. நான் அஞ்சு ஏஞ்சல் வெச்சிருந்தப்ப ஒரு ஜோடி மத்த மூணையும் தண்ணி மேல்மட்டத்துல ஒரு மூலையில நிக்க வெச்சிட்டு, கீழ முழுசும் காலியா வெச்சிருந்துச்சு. பாக்கறதுக்கு வாடகை வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் மாதிரி.

அப்பறம் ரெட் டெயில் ஷார்க். இப்ப சின்னதா இருக்கலாம், 5 இன்ச் வரைக்கும் வரும், வளர வளர ஒரு கல்லுக்கு அடியை தன்னோடதுன்னு வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் வர்றவங்களை எல்லாம் தொரத்தும். ஒரு தொட்டிக்கு ஒண்ணு தான், நீங்க ஒண்ணு தான் வெச்சிருக்கீங்க, அது நல்லது. அது பேருக்கு தான் ஷார்க், கெண்டை வகை. தாய்லாந்து ஆத்துல கிட்டத்தட்ட இல்லாமலே போயிடுச்சு, இப்ப கடைக்கு வர்றது எல்லாம் பண்ணைல ஹார்மோன் ஊசி போட்டு எடுக்கறது. அதுக்குன்னு ஒரு குகை அடியில ஒரு ஓரமா குடுங்க, நடுவுல உயரமா ஒரு கட்டையோ செடியோ வெச்சு இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி தெரியாத மாதிரி மறைச்சிருங்க. கண்ணுல படலைன்னா பாதி சண்டை வராது.

கரூர்_கெண்டை:
பவி அக்கா சொன்ன ஷார்க் மேட்டர் நூத்துக்கு நூறு. நான் ஒரு ரெட் டெயில், ஒரு ரெயின்போ ஷார்க் ரெண்டும் ஒண்ணா விட்டேன், வேற வேற மீன் தானேன்னு. ஒரு வாரம் தான். ரெயின்போ வாலே இல்லாம போச்சு. ஆனா அதே ரெட் டெயில் பக்கத்துல போற கப்பியை திரும்பிக்கூட பாக்கல. தன்னை மாதிரி உருவம், தன்னை மாதிரி கலர் இருக்கறவன் தான் அதுக்கு போட்டி. டின்பர்கன்னு ஒரு விஞ்ஞானி, 1973ல நோபல் வாங்கினவர், ஸ்டிக்கிள்பேக்னு ஒரு சின்ன மீன் வெச்சு இதைத்தான் பாத்தாரு. அதுல ஆணுக்கு இனப்பெருக்க சீசன்ல வயிறு செவப்பாகும், மீன் மாதிரியே இல்லாத மர பொம்மைக்கு அடில செவப்பு பெயின்ட் அடிச்சு காட்டினா கூட பாஞ்சு வருமாம். ஜன்னல் வழியா செவப்பு தபால் வண்டி போனா தொட்டில இருந்த ஆம்பள மீனெல்லாம் கண்ணாடி பக்கம் ஓடுச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. அதனால புதுசா மீன் எடுக்கும்போது இருக்கறதோட கலர் ஷேப்ல வேற எடுங்க, நான் இப்ப அப்படித்தான் பண்றேன்.

நெல்லை_அக்வா:
டைகரை தூக்க சொன்னேன்ல, கடைசில எல்லாரும் அங்க தான் வந்து நின்னீங்க 😎

வைகைக்கரை:
பவி அக்கா நீங்க எங்க வீட்டுக்கு வந்து பாத்தீங்களா என்ன? ரெண்டு ஏஞ்சல் ஃபில்டர் குழாயை நாள் முழுக்க கொத்திட்டு இருக்கு, நான் பாசி திங்குதுன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன். சரி இப்ப டைகர் நாலையும் மாமாவையும் எடுத்தா எங்க விடறது? பக்கத்துல கண்மாய் இருக்கு, அங்க விட்டுறலாமா?

கொளத்தூர்_பழையகடை:
கண்மாய்ல விட்டுறாதீங்க தம்பி, தயவுசெஞ்சு. நம்ம ஊர் ஏரி குளத்துல எல்லாம் இப்ப வலை போட்டா சக்கர் ஃபிஷ் வருது, முள்ளுல வலையும் கிழியுது, வாங்கவும் ஆள் இல்ல. எல்லாம் இப்படி பாவம் பாத்து விட்டதுல ஆரம்பிச்சது தான். எந்தக் கடைலயும் எக்ஸ்சேஞ்ச் கேளுங்க, காசு தரமாட்டான், வேற மீனு குடுப்பான், வாங்கிக்கங்க.

அடிபட்ட ஏஞ்சலை ஒரு இருவது லிட்டர் டப்பால தனியா விடுங்க, சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்க, 10 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு கரைச்சு ஊத்துங்க, அயோடின் போட்ட டேபிள் உப்பு வேணாம். தினமும் கொஞ்சம் தண்ணி மாத்துங்க, மாத்தற தண்ணிக்கு மட்டும் அந்த அளவுல உப்பு சேருங்க. பஞ்சு மாதிரி வந்தா மட்டும் மருந்து, இல்லன்னா அதுவா ஆறும்.

மலைக்கோட்டை_பவி:
இன்னொண்ணு, டைகரை எடுத்த அன்னிக்கே கல்லு கட்டை எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சிருங்க. பழைய எல்லைக்கோடு அழிஞ்சிரும், இருக்கறவங்களுக்கு எல்லாம் புது ஊர் மாதிரி ஆயிடும். புது மீன் விடும்போதும் இதே தான், லைட் ஆஃப் பண்ணிட்டு விடுங்க, அதுக்கு முன்னாடி இருக்கறதுங்களுக்கு வயிறு நிறைய தீனி போட்டுருங்க. ஃபைட்டரை திரும்ப உள்ள விடாதீங்க, வாலு வளர்ந்துரும், ஆனா அதுக்கு தனியா ஒரு இருவது லிட்டர் தொட்டி தான் மரியாதை. மிச்சம் நியானை யாருக்காவது குடுத்துருங்க, இல்லன்னா தினமும் ஒண்ணா எண்ணிக்கிட்டே இருக்க வேண்டியது தான்.

வைகைக்கரை:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். டைகரும் மாமாவும் கடைக்கு போயாச்சு, கடைக்காரர் முகத்தை ஒரு மாதிரி வெச்சிக்கிட்டு தான் வாங்கினாரு. பதிலுக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கிட்டேன். மாமா ஊருக்கு போயிட்டாருன்னு பொண்ணுகிட்ட சொன்னோம், எப்ப வருவாருன்னு கேக்கறா. நியான் பக்கத்து வீட்டு பையன் தொட்டிக்கு போயிருச்சு, ஆறும் உசுரோட இருக்கு. ஏஞ்சல் புண்ணு மேல மெல்லிசா தோல் மூடிக்கிட்டு வருது, நேத்து மொத தடவையா தீனிக்கு மேல வந்துச்சு, அதை திரும்ப அந்த ஜோடிகிட்ட விடப் போறதில்ல. ஃபைட்டர் வாலு ஓரத்துல கண்ணாடி மாதிரி புதுசா வளருது.

இப்ப புது பிரச்சனை. காலைல பாத்தா ஃபில்டர் குழாய்ல வரிசையா கடுகு மாதிரி முட்டை, ஒரு முந்நூறு இருக்கும். ஷார்க் பாவம், குகைய விட்டு வெளிய தலை நீட்டினா ஏஞ்சல் ரெண்டும் சேர்ந்து தொரத்துது! தொட்டியையே மெரட்டிட்டு இருந்தவன் இப்ப சாப்பிட கூட வெளிய வர்றதில்ல.

மலைக்கோட்டை_பவி:
சந்தோஷம்! மொத தடவை முட்டையை அதுங்களே தின்னுரும், அதுக்கு இப்பவே மனசை தயார் பண்ணிக்கங்க. வெள்ளையா மாறினது கருவில்லாத முட்டை. மிச்சம் இருந்தா ரெண்டு மூணு நாள்ல பொரிக்கும். ஷார்க்குக்கு லைட் ஆஃப் பண்ணினப்பறம் அது குகை வாசல்ல ரெண்டு மூழ்கற தீனி உருண்டை போடுங்க.

வைகைக்கரை:
அக்கா ரெண்டு மணி நேரத்துல பாதி முட்டைய காணோம். யாரு தின்னதுன்னு மறுபடியும் டார்ச் எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.