ஒரு சுவர், இரண்டு வண்ணம்: கோடு எங்கே போடுவது?

வேளச்சேரி மூன்றாம் மாடி

ஹாலுக்கு இரண்டு வண்ணம் அடிக்கப் போகிறோம் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் "என்ன கலர்?" என்றுதான் கேட்டார்கள். பெயிண்டர் மட்டும் "கோடு எந்த உயரத்துலம்மா?" என்று கேட்டார். கலரைவிட அந்தக் கோடுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. அதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எப்படி என்று நீங்களும் சொல்லுங்கள்.

எங்கள் ஹால் ஒன்பதரை அடி உயரம். என் வீட்டுக்காரருக்குச் சரிபாதியில் கோடு விழ வேண்டும் என்று ஆசை. பெயிண்டர் மறுத்துப் பேசவில்லை. மாஸ்கிங் டேப்பைக் கிழித்து நாலே முக்கால் அடியில் ஒன்று, நாலடியில் ஒன்று, மூன்றடியில் ஒன்று என்று சுவரில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் எங்களுக்கே புரிந்துவிட்டது. பாதியில் ஒட்டியது அறையை இரண்டு துண்டாக நறுக்கிக் காட்டியது. நாலடியில் ஒட்டியது சுவிட்ச் போர்டில் முட்டி நின்று, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியது. போர்டு இருக்கும் இடமெல்லாம் இப்படி விட்டு விட்டு ஓடினால் அது கோடாகவே தெரியாது. மூன்றடியில் ஒட்டியது மட்டும் ஜன்னலின் அடிவிளிம்போடு சேர்ந்து ஒரே நீட்டாகப் போயிற்று. அதையே வைத்துக்கொண்டோம்.

கீழே முருங்கை இலைப் பச்சை, மேலே சந்தன வெள்ளை. மேலே அடித்ததையே சீலிங்குக்கும் கொண்டுபோகச் சொன்னார் பெயிண்டர். சீலிங்குக்கு வெள்ளைதானே வழக்கம் என்று கேட்டேன். "தாழ்ந்த சீலிங்கும்மா. வெள்ளை தனியா அடிச்சா மூணாவது கலர் ஆயிடும், இன்னொரு கோடு விழும்" என்றார். இப்போது சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. அதனாலேயே உயரம் கொஞ்சம் கூடினது போல இருக்கிறது.

சோபாவைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. அதன் முதுகே கிட்டத்தட்ட மூன்றடி. அந்தச் சுவரில் பச்சை முழுக்க சோபாவுக்குப் பின்னால் போய்விட்டது, மேலே இரண்டு விரல் அகலம்தான் எட்டிப் பார்க்கிறது. சாப்பாட்டு மேஜைப் பக்கத்துச் சுவரில்தான் இரண்டு வண்ணமும் முழுசாகத் தெரிகிறது. வருகிறவர்கள் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, சோபாவில் துணி மடித்து வைக்க இடம் கிடைக்கிறது.

ரசமட்டம்

நான் கட்டட வேலையில் சூப்பர்வைசர். உங்கள் பெயிண்டர் விவரமானவர். அவரிடம் ஒன்று கேட்டீர்களா, மூன்றடியை எங்கிருந்து அளந்தார் என்று? தரையிலிருந்து டேப்பை வைத்து அளந்து மூலைக்கு மூலை குறி போடுகிறவர்கள்தான் அதிகம். பழைய வீடுகளில் தரை ஒரு பக்கமாக வாட்டம் விட்டிருக்கும். புது ஃபிளாட்டிலும் அரை அங்குலம், முக்கால் அங்குலம் வித்தியாசம் சர்வ சாதாரணம். தரையை நம்பிப் போட்ட கோடு தரையோடு சேர்ந்து சரியும். ஜன்னல் சட்டமும் கதவு நிலையும் நேராக நிற்க, கோடு மட்டும் சாய்ந்து போவது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஆகவே ஏதாவது ஒரு மூலையில் மட்டும் உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மற்ற மூலைகளுக்கு டியூப் லெவல். உள்ளே இருப்பது தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒரு முனையை முதல் குறியில் பிடித்தால் மறு முனையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் அதே மட்டம். இப்போது லேசர் வந்துவிட்டது, வாடகைக்கும் கிடைக்கிறது. குறிகளுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்துக் கலர்ப் பொடி தடவி ஒரு சுண்டு சுண்டினால் கோடு தயார். பொடி வெளிறின கலராக இருக்கட்டும். சிவப்புப் பொடி சந்தன வெள்ளைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

கதவு நிலையின் மேல்மட்டமான ஏழடியில் கோடு கேட்பவர்களும் உண்டு. அங்கே வேறு சிக்கல். சீலிங் பக்கத்திலேயே இருப்பதால், ஸ்லாப் சரியாக மட்டம் இல்லாத வீட்டில் இடைவெளி இந்த மூலையில் அகலமாகவும் அந்த மூலையில் குறுகலாகவும் தெரியும். கான்கிரீட் கொட்டச் சென்ட்ரிங் பலகை அடித்தவன் விட்ட குறையைப் பெயிண்ட் ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் டேப். ஒட்டிவிட்டு நேராகக் கீழ்க் கலரை அடித்தால், சுவரின் சொரசொரப்பு வழியாகப் பெயிண்ட் டேப்புக்கு அடியில் கசிந்து கோடு ரம்பப் பல்லாகிவிடும். முதலில் மேல் வண்ணத்தைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை அடித்து முடிக்க வேண்டும். குறைந்தது ஒரு நாள் காயவிட்டு, டேப் ஒட்டி, அதன் கீழ் விளிம்பை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். அந்த விளிம்பில் மறுபடி மேல் வண்ணத்தையே மெல்லிசாக ஒரு இழுப்பு. கசிவதானால் அதுதான் கசியும், கசிந்தாலும் தெரியாது, சந்தும் அடைபட்டுவிடும். அது காய்ந்த பிறகு கீழ்க் கலர். கடைசிக் கோட் லேசாக ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக மெதுவாக உரிக்க வேண்டும். மறுநாள் வந்து உரிக்கலாம் என்று விட்டால் பெயிண்டும் தோலாகக் கூடவே வரும்.

இந்த மாஸ்கிங் டேப் பிறந்ததே இரண்டு வண்ணத்துக்காகத்தான். 1920களில் அமெரிக்காவில் காருக்கு இரண்டு கலர் அடிப்பது பெரிய மோகம். த்ரீ எம் கம்பெனி அப்போது உப்புத்தாள் விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் உப்புத்தாள் சோதனைக்காக கார்ப் பட்டறைக்குப் போன இடத்தில், ஒட்டின காகிதத்தைப் பிய்க்கும்போது புதுப் பெயிண்டும் பிய்ந்து வந்து பெயிண்டர்கள் திட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். 1925இல் அவர் செய்து கொடுத்ததுதான் இந்த டேப். நூறு வருஷமாகியும் அதை எப்போது உரிப்பது என்று சைட்டில் தினம் சண்டை நடக்கிறது.

பெயிண்ட் வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டுக்குப் பத்து அறை என்றால் சுற்றளவு 44 அடி. மூன்றடி உயரத்துக்குக் கதவு போக 120 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு லிட்டர் டின் இரண்டு முறை அடிக்க இழுத்துப் பிடித்து வரும். ஆனால் கரும்பச்சை, கருநீலம், செங்கல் நிறம் மாதிரி அடர்ந்த வண்ணங்களுக்கான பேஸில், அதாவது கடையில் கலர் கலக்க எடுக்கும் அடிப்படைப் பெயிண்ட்டில், வெள்ளை நிறமி குறைவு. அடி மறைய மூன்று கோட்கூடக் கேட்கும். இன்னொரு லிட்டர் சேர்த்தே வாங்கி, இரண்டு டின்னையும் ஒரே வாளியில் கலந்துவிட்டு அடியுங்கள். அதே நம்பர் ஷேடாக இருந்தாலும் பிறகு போய் வாங்கும் டின் ஒரு நூல் மாறித்தான் வரும்.

கோவை வாடகை

வீட்டு உரிமையாளர் "அடிச்சுக்கோங்க, காலி பண்ணும்போது பழையபடி வெள்ளை ஆக்கிக் கொடுத்துடுங்க" என்றார். அதனால் கீழேயும் வெளிறின சாம்பல்தான் அடித்தோம். பக்கத்து போர்ஷனில் மெரூன் அடித்திருந்தவர்கள் காலி செய்தபோது, பிரைமருக்கு மேல் எத்தனை முறை வெள்ளை அடித்தும் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. அட்வான்ஸில் பிடித்துவிட்டார்கள். வாடகைக்காரர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிக்காரன்

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் புதுசே இல்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியில், சுவரின் கீழ்ப்பகுதியில் ஜப்பான் பூ ஓடு பதித்திருப்பார்கள். மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, இன்னும் வழவழவென்று கை வழுக்கும். ஓட்டுக்கு வசதியில்லாத வீடுகளில் கீழே காவிப் பட்டை, மேலே நீலம் கலந்த சுண்ணாம்பு. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும்போது காவியும் புதுசாகும். வெளிச்சுவரில் மழை தெறிக்கிற செம்மண் அந்தக் காவியில் தெரியாது.

உள்ளே எதற்கு என்றால், தலைதான் காரணம். எங்கள் ஐயா நல்லெண்ணெய் தேய்த்த தலையோடு சுவரில் சாய்ந்துதான் பேப்பர் படிப்பார். அவர் சாயும் இடத்தில் ஒரு வட்டம். பக்கத்தில் கொஞ்சம் தாழ்வாக ஆயாவின் வட்டம். யார் எங்கே உட்கார்வார்கள் என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். தரையில் சம்மணம் போட்டுச் சாய்ந்தால் தலை இரண்டரை, மூன்று அடியில் படும். நாற்காலி என்றால் நாலடியைத் தாண்டிவிடும். வேளச்சேரி அக்கா, நீங்கள் மூன்றடியில் கோடு போட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டு மேஜை நாற்காலி சுவரை ஒட்டியா கிடக்கிறது? அப்படியானால் கறை சந்தன வெள்ளையில்தான் விழும்.

இப்போது எங்கள் வீட்டில் பட்டாலையில் (கூடத்தில்) மட்டும் நாலரை அடிக்குக் கோட்டை ஏற்றிவிட்டோம். சுவிட்ச் போர்டு முழுசாகக் கீழ் வண்ணத்துக்குள் வந்துவிட்டது. கைக்கறையும் தலைக்கறையும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பார்ப்பதற்கு அந்தக் காலத்துத் தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று மருமகப்பிள்ளை சொன்னார். இருக்கட்டும்.

வேளச்சேரி மூன்றாம் மாடி

ஒட்டித்தான் கிடக்கிறது. இன்றைக்கே அரை அடி நகர்த்திவிடுகிறேன்!

ரெண்டாம் கோட்

என் அப்பா பெயிண்டர். நாகப்பட்டினம் பக்கம் வேலை. விடுமுறையில் கூடப் போய் உப்புத்தாள் போட்டுப் பழகியவள் நான். காரைக்குடி அண்ணன் தாலுகா ஆபீஸ் என்றதும் ஆயில் பெயிண்ட் ஞாபகம் வந்துவிட்டது. பழைய வீடுகளில் கீழ்ப்பாதிக்கு எனாமல் அடித்திருப்பார்கள். அதன் மேல் தண்ணீர் கலந்து அடிக்கும் இப்போதைய எமல்ஷனை நேராக அடித்தால் பிடிக்காது, நகத்தால் சுரண்டினாலே பாம்புச் சட்டை போல உரிந்து வரும். என்ன பெயிண்ட் என்று தெரியாவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் கலர் இளகி ஒட்டினால் எமல்ஷன், அசையாமல் இருந்தால் எனாமல். எனாமலை உப்புத்தாளால் மழுக்கி, பிரைமர் கொடுத்துத்தான் மேலே போக வேண்டும். ஈரம் தொட்டுத் தேய்ப்பதுதான் நல்லது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தத் தூசி குழந்தைகள் இருக்கிற வீட்டில் பறக்க வேண்டாம்.

இன்னொன்று ஓதம். ஒரு தரைத்தள வீட்டில் கீழே இரண்டடிக்குச் சுவர் பொரிந்து உப்புப் பூத்திருந்தது. "அது தெரியாத மாதிரி கீழே கருநீலம் அடிச்சிடுங்க" என்றார் வீட்டுக்காரம்மா. அப்பா ஒன்றும் பேசாமல் ஒரு பாலிதீன் தாளைச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் பொருத்திவிட்டு வந்தார். மறுநாள் காலையில் தாளின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். "கருநீலத்துல உப்பு இன்னும் வெள்ளையாத் தெரியும்மா, ஆயில் பெயிண்ட் அடிச்சா ஈரம் வெளியே வர வழியில்லாம இன்னும் மேலே ஏறும்" என்று சொல்லி, முதலில் பின்பக்கம் கசிந்துகொண்டிருந்த குழாயைச் சரிபண்ணச் சொன்னார். சுவர் காய மாதக்கணக்காயிற்று. அந்த வேலை கடைசியில் வேறு யாருக்கோ போய்விட்டது. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கீழ்ப்பகுதிக்கு மினுமினுப்பே இல்லாத மேட் ஃபினிஷ் வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுக்கு என்று துணியால் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் தனியாகத் தெரியும். கீழே சாட்டின் மாதிரி லேசான மினுமினுப்பு உள்ளது, மேலே மேட். சுவரின் மேடு பள்ளத்தை மேட் மறைத்துவிடும்.

வேளச்சேரி மூன்றாம் மாடி

ரசமட்டம் சார், அண்ணன் வீட்டில் மாடிப்படிச் சுவருக்கும் இரண்டு வண்ணம் கேட்கிறார்கள். அங்கே எப்படிக் கோடு போடுவது? படிபடியாக ஏற்ற வேண்டுமா?

ரசமட்டம்

படிபடியாக வேண்டாம்மா, கண்ணை உறுத்தும். முதல் படியின் மூக்கிலிருந்து (முன் விளிம்பிலிருந்து) செங்குத்தாக மூன்றடி, கடைசிப் படியின் மூக்கிலிருந்து அதே மூன்றடி, இரண்டையும் நூலால் இணைத்தால் கைப்பிடியோடு சமமாகச் சாய்ந்து ஏறும். நடுவில் இரண்டு மூன்று படிகளில் அளந்து பாருங்கள், படி உயரம் ஒரே மாதிரி இல்லாத வீடுகளில் நூல் ஏமாற்றும். லேண்டிங்கில் கோடு மட்டமாகத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் சுவரின் நடுவில் விழாமல் மூலையில் விழுகிற மாதிரி உயரத்தை ஓரிரு அங்குலம் கூட்டிக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டேப்பைத் திருப்பத்தில் மடித்து ஒட்டாமல், இரண்டு துண்டாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, பிளேடால் குறுக்காக ஒரே வெட்டு. மூலை கூர்மையாக வரும்.