ஹால் ஜன்னல் ஸ்க்ரீன் – ‘தண்டையார்பேட்டை வீடு’ குரூப்

வியாழக்கிழமை

நான், இரவு 8:12
(போட்டோ)
ஹால் ஜன்னலுக்கு ஸ்க்ரீன் துணி எடுத்துட்டேன். எம்.சி. ரோட்டுல. 4 மீட்டர். கடையில அவ்ளோ அழகா இருந்துச்சு, வீட்ல சோபா மேல போட்டுப் பாத்தா மனசுக்கு ஒப்பல. ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வேற வராங்க.

பெரியம்மா, 8:15
பூ நல்லாத்தானேம்மா கீது. செம்பருத்தி மாரி.

அம்மா, 8:16
பூ நல்லாருக்கு அக்கா. சோபால நீலப் பட்டை, குஷன்ல மஞ்சக் கட்டம், இப்போ செவப்புப் பூ. உள்ள வந்தா எதைப் பாக்குறதுனே தெரியல.

தம்பி, 8:19
எல்லாத்தையும் பிளைன் கிரீம் ஆக்கிடலாம்க்கா. வீடியோல எல்லாம் அப்படித்தான் வைக்கிறாங்க.

சித்தி, 8:31
கிரீம் வேணாம்பா. கன்டெய்னர் லாரி போற ரோடு, ஒரு வாரத்துல ஓரமெல்லாம் கருத்துடும். புழுதியைப் பூப்போட்ட துணிதான் தாங்கும். கண்ணு, நீ துணியைத் திருப்பிக் குடுக்காத. நாளைக்குக் காலைல ஜன்னல் வெளிச்சத்துல ஒரு போட்டோ எடு, பக்கத்துல ஸ்கேல் வச்சு.

நான், 8:33
ஸ்கேலா? எதுக்கு சித்தி?

சித்தி, 8:33
எடு, சொல்றேன். ராத்திரில கலரைப் பாத்து எதையும் முடிவு பண்ணக் கூடாது. கடையில வெள்ளை லைட்டு, உங்க ஹால்ல மஞ்ச பல்பு. ஒரே துணி ரெண்டு எடத்துல ரெண்டு கலரா தெரியும்.

வெள்ளிக்கிழமை

நான், காலை 7:05
(போட்டோ)
(போட்டோ)

தம்பி, 7:06
இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

சித்தி, 7:40
இப்போ பாரு. சோபா பட்டை 2 இஞ்ச். குஷன் கட்டமும் 2 இஞ்ச். ரெண்டும் ஒரே அளவு, ரெண்டும் நேர்கோடு, அதான் கண்ணு அலையுது. ஒண்ணு பெருசு, ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு பொடிசுன்னு இருந்தா மூணு டிசைன் பக்கத்துப் பக்கத்துல உக்காரும். பெருசுக்குப் பூ இருக்கு, ஒரு சாண் அகலம். நடுத்தரத்துக்குச் சோபா. பொடிசுதான் இல்ல. அந்த மஞ்சக் குஷனை எடுத்துடு.

சித்தி, 7:42
அப்புறம் பூவுக்கு நடுவுல பெருசு பண்ணிப் பாரு. மகரந்தம் பக்கத்துல சின்னதா நீலப் புள்ளி.

நான், 7:44
ஐயோ ஆமா!! நான் கவனிக்கவே இல்ல. அப்படியே சோபா நீலம்.

சித்தி, 7:45
அந்த ஒரு கலரைப் புடிச்சிக்கோ. எல்லாத்துலயும் எங்கயாவது அது வந்துட்டா போதும்.

பெரியம்மா, 7:50
நீ தச்சுத் தச்சு இன்னா நுணுக்கமா பாக்கற!

சித்தி, 8:02
ஒரு கஷ்டம் இருக்கு. துணி பத்தாது. ஜன்னல் 4 அடி அகலம், கொசுவம் விழணும்னா டபுள் துணி வேணும். துணியோட அகலம், அதான் பன்னா, 48 இஞ்ச். அதுல ரெண்டு பீஸ். மடிப்போட ஒரு பீஸ் 75 இஞ்ச். சாதாரண துணின்னா 150 இஞ்ச், 4 மீட்டர் தாராளம். ஆனா இந்தப் பூ 24 இஞ்சுக்கு ஒரு தடவை திரும்ப வருது. ரெண்டு பீஸ்லயும் பூ நேருக்கு நேரா நிக்கணும்னா ரெண்டாவதை 96ல தான் ஆரம்பிக்கணும். மொத்தம் 171. உங்கிட்ட 157தான் இருக்கு.

நான், 8:04
கடைக்காரர் 4 மீட்டர் போதும்னு சொன்னாரே. இன்னிக்குப் போனா அதே துணி இருக்குமோ என்னமோ.

அம்மா, 8:05
பூ மேல கீழ இருந்தா என்ன, யாரு பாக்கப் போறா?

சித்தி, 8:06
நடுவுல ரெண்டும் சேர்ற எடம்கா, வாசல்லேருந்து நேரா தெரியும். பூவை 60 இஞ்சோட நிறுத்திடறேன். கீழ நீல பிளைன் வச்சு, சேலைக்குக் கரை மாரி ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு பீஸும் பூ பொருந்தி வந்துடும், மிச்சத்துல ரெண்டு குஷனுக்கு முன்பக்கம் கிடைக்கும். நீ பிளைன் காட்டன் ஒன்றரை மீட்டர் மட்டும் வாங்கியா. சோபாவோட குட்டித் தலகாணி உறையைக் கையோட எடுத்துப் போ, கடை வாசல்ல வெளிச்சத்துல வச்சுப் பாரு. வந்ததும் ரெண்டு துணியையும் தண்ணில நனைச்சுக் காய வை. காட்டன் சுருங்கும், தச்சப்புறம் சுருங்கினா கரை இழுத்துக்கும்.

நான், 8:09
சரி சித்தி. பொடி டிசைனுக்கு என்ன பண்றது?

அம்மா, 8:21
ஆயா பொட்டிலேருந்து ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க.
(போட்டோ)
தாத்தாவோட கைலி. மூட்டவே இல்ல, புதுசு.

சித்தி, 8:23
அக்கா!! செவப்பும் நீலமும் பொடிக் கட்டம். பாவுல, அதான் நீளவாக்கு நூல்ல, செவப்புக் கோடு, ஊடைல, அதான் குறுக்குவாக்கு நூல்ல, நீலக் கோடு, ரெண்டும் குறுக்க போற எடத்துல கத்திரிப்பூ கலர் தெரியுது பாருங்க. அந்தக் கலர்ல நூலே கிடையாது, நம்ம கண்ணு கலந்து பாக்குது. பூவோட செவப்பையும் சோபா நீலத்தையும் இது ஒண்ணே சேத்துடும்.

சித்தப்பா, 8:30
இந்த மாரி கட்டத் துணியெல்லாம் ஒரு காலத்துல நம்ம பழவேற்காட்டுலேருந்து கப்பல் ஏறிப் போச்சு. டச்சுக்காரங்க 1613ல அங்க கோட்டை கட்டினதே துணி வியாபாரத்துக்குத்தான்.

பெரியம்மா, 8:32
உப்புத் தண்ணில ஊற வை, சாயம் நிக்கும்.

சித்தி, 8:34
உப்புக்கெல்லாம் நிக்காதுக்கா. ஈர வெள்ளைத் துணியால ஒரு ஓரத்தைத் தேச்சுப் பாக்கட்டும். ஒட்டிச்சுன்னா தண்ணி தெளியற வரைக்கும் தனியா அலசணும்.

நான், 8:52
தேச்சேன். லேசா செவப்பு ஒட்டுது. பக்கெட்ல போட்டுட்டேன்.

சனிக்கிழமை

சித்தி, மாலை 5:48
(போட்டோ)
மாட்டியாச்சு. ரிங்கு ஸ்டீல் போட்டிருக்கேன், பழசு கடல் காத்துல துருப்புடிச்சுத் துணில கறை ஏத்தியிருந்துச்சு.

தம்பி, 5:50
சித்தி, நம்ம ஹாலா இது?

பெரியம்மா, 5:51
அந்த நீலக் கரைதான் எடுப்பா கீது.

அம்மா, 6:03
ஆயா குஷனை மடியில வச்சிகினு உக்காந்திருக்காங்க. கைலியோட கரையை வெட்டிட்டியான்னு கேக்கறாங்க.

சித்தி, 6:04
வெட்டலக்கா. உள்பக்கம் முழுசா மடிச்சு விட்டிருக்கேன். ஜிப்பைத் தொறந்து காட்டுங்க.