சிப்பம் பிடரியில், முழங்கை தொடையில்

மன்னார்குடிப் பக்கமிருந்து:

நான் பிசியோதெரபி பார்ப்பவன். சம்பா அறுப்பு முடிந்து, அப்பாவின் நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடந்தபோதுதான் சுமை தூக்குகிறவர்களை நிதானமாகக் கவனிக்க வாய்த்தது. 40 கிலோ சிப்பத்தை, அதாவது நெல் மூட்டையை, யாரும் தரையிலிருந்து தனியாக எடுப்பதில்லை. இரண்டு பேர் ஏற்றிவிட, மூன்றாமவர் குனிந்து பிடரியில் வாங்கிக்கொள்கிறார்.

"ஏண்ணே, நெஞ்சோடு அணைச்சுத் தூக்கினா என்ன?" என்று கேட்டேன்.

"ரெண்டு நடை தூக்கலாம் தம்பி. மூணாவது நடைக்கு இடுப்பு பேசும்."

இடுப்பு பேசுவதற்குக் கணக்கு உண்டு. உடம்பை நெம்புகோலாகப் பார்த்தால், கீழ்முதுகில் முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுதான் (டிஸ்க்) ஆதாரப்புள்ளி. நம்மை நிமிர்த்திப் பிடிக்கும் முதுகுத் தசை அதற்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தள்ளித்தான் இருக்கிறது. சிப்பம் 40 செ.மீ. முன்னால் இருந்தால் தசை எட்டு மடங்கு இழுக்க வேண்டும். அதாவது 320 கிலோ. இதில் தூக்குகிறவருடைய மேலுடம்பின் எடை சேரவே இல்லை. அதே சிப்பம் பிடரிக்குப் போய், தூரம் 10 செ.மீ. ஆகிவிட்டால் 80 கிலோவோடு தீர்ந்தது.

ஆனால் பிடரியில் வைத்தால் வேறொரு தொல்லை. நிற்கிற மனிதனின் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்ததாகக் கொள்ளும் புள்ளி, தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். 60 கிலோ ஆள் 40 கிலோவை மேலே வைத்தால் சுமையும் ஆளும் சேர்ந்த மையம் மேல்வயிறு வரை ஏறிவிடும். தஞ்சாவூர்க்காரர்கள் உடனே தலையாட்டி பொம்மை என்பீர்கள். பொம்மைக்கு அடியில் கனம், இவருக்குத் தலையில்! அதனால்தான் லாரிப் பலகையில் ஏறும்போது முழங்காலை மடக்கி, அடியைக் குறுக்கி, முன்னால் சாய்ந்து போகிறார்கள். மையத்திலிருந்து இறங்கும் கோடு பாதத்தை விட்டு வெளியே போனால் ஆளும் சிப்பமும் கீழே. அவர்கள் போகும் வேகத்துக்கு மட்டும் காரணம் இயற்பியல் இல்லை, மூட்டைக் கணக்கில் கூலி.

திருவையாற்றிலிருந்து:

நடவு ஆட்களை விட்டுவிட்டீர்களே. கையில் இருப்பது நாற்றுமுடிதான், சுமப்பது தன் மேலுடம்பை. அம்மா இடது கையில் முடியைப் பிடித்து, அந்த முழங்கையைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டு வலது கையால் நடுவார். ஒரு சந்தேகம்: குனிந்திருக்கும்போது அவ்வளவு தெரிவதில்லை, வரப்பேறி நிமிரும்போதுதான் உயிர் போகிறது என்கிறார். ஏன்?

மன்னார்குடிப் பக்கமிருந்து:

அந்த ஊன்றல் நல்ல உத்தி. மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கு தொடை வழியாக இறங்கிவிடும். முழுதாக மடங்கி நிற்கும்போது முதுகுத் தசை பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. முள்ளெலும்புகளைக் கட்டியிருக்கும் நார்கள்தான் தாங்குகின்றன. மணிக்கணக்கில் தாங்கினால் அவை நீண்டு தளரும். நிமிரும்போது ஓய்ந்த தசை சட்டென்று முழுப் பாரத்தையும், அதுவும் சில மடங்காக, இழுக்க வேண்டியிருக்கிறது. அம்மா தொடையில் கை ஊன்றி மெதுவாக நிமிரட்டும், வரப்பில் கொஞ்சம் நடக்கட்டும். அப்புறம் நாற்றுக்கட்டைத் தூக்கலாம்.