என்பு மச்சை ஏற்றி 24ஆம் நாள், நியூட்ரோபில் ஏறிவிட்டது, பிளேட்லெட் ஏன் அசையவில்லை?

கொக்குவிலான்:
தம்பிக்கு ஏபிளாஸ்டிக் அனீமியா, என்பு மச்சை போதிய இரத்தக் கலங்களை உண்டாக்காத வருத்தம். வேலூரில் அக்காவின் என்பு மச்சை ஏற்றி இன்று 24ஆம் நாள். அம்மாவும் அக்காவும் அங்கே, நான் இங்கே, விடிய எழும்பினதும் வட்ஸ்அப்பில் வரும் ரிப்போர்ட்டைத்தான் முதலில் பார்ப்பது. நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெண்குழியம்) மூன்று நாளாக 500க்கு மேலே, இன்று 720. ஆனால் பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் துணிக்கை) ஏற்றினால் 30,000, இரண்டு நாளில் திரும்ப 12,000. ஹீமோகுளோபினும் 7இலேயே நிற்கிறது. அம்மாவிடம் கேட்டால் அழுகிறா. மச்சை பிடிக்கவில்லையோ?

லாப்காரன்:
மூன்று நாள் தொடர்ந்து 500க்கு மேலே நின்றாலே பிடித்துவிட்டது என்றுதான் கணக்கு. பிளேட்லெட் பிந்தித்தான் வரும், ஏனென்றால் மெகாகரியோசைட் என்ற பெரிய கலம் மச்சைக்குள் முற்றி, அதிலிருந்து துண்டு துண்டாகப் பிரிந்துதான் அது உண்டாகிறது. காய்ச்சல், கிருமித்தொற்று, கான்சைக்ளோவிர் மாதிரி வைரஸ் மருந்து எல்லாம் இன்னும் இழுத்தடிக்கும். தினமும் எண்ணைப் பார்த்து மண்டையை உடைக்காமல், எத்தனை நாளுக்கு ஒருக்கா ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள். ஏற்றாமலே ஏழு நாள் 20,000இல் நின்றால் சரி. இருவரின் இரத்த இனமும் என்ன?

கொக்குவிலான்:
தம்பி ஓ, அக்கா பி.

லாப்காரன்:
அப்ப ஹீமோகுளோபினுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பி இனத்துக்கு எதிரான பிறபொருளெதிரி தம்பியின் உடம்பில் இன்னும் சுற்றும், புதுச் செங்குழியத்தைத் தலைகாட்ட விடாது, சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ரெட்டிகுலோசைட், அதாவது இளம் செங்குழியம், ஏறுகிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, இந்த வருத்தத்தில் சிலவேளை நோயாளியின் சொந்த மச்சையே திரும்ப முளைத்து நியூட்ரோபிலை ஏற்றிவிடும். வந்தது அக்காவின் கலமா என்று கைமெரிசம் சோதனைதான் சொல்லும்.

மானிப்பாய் அம்மா:
என் மகளுக்கு 33ஆம் நாள்வரை ஆட்டம் காட்டிவிட்டுத்தான் பிளேட்லெட் ஏறியது, பயப்படாதீங்கோ தம்பி. நான் பட்ட பாடு வேறு. சைக்ளோஸ்போரின் (உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்து) அளவு பார்க்க இரத்தம் எடுக்கும் நாளில், எடுத்த பிறகுதான் காலைக் குளிசை. ஒருநாள் மறந்து முதலே கொடுத்துவிட்டேன், அளவு தாறுமாறாக வந்து ஒரு கிழமை மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாகப் போச்சு. எண்ணிக்கை நல்லாக வந்தாலும் நீங்களாக அதை நிற்பாட்டக்கூடாது. ஊருக்கு வந்தால் கிணற்றுத் தண்ணியைக் கொதிக்கவைத்தே குடிக்கக் கொடுங்கோ, நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள் இந்த வருசம் வேண்டாம். 38 பாகை காய்ச்சல் என்றால் பனடோல் போட்டு இறக்கிக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இரவு இரண்டு மணி என்றாலும்.

கொக்குவிலான்:
நாலு நாள் கழித்து எழுதுகிறேன். கடைசியாகப் பிளேட்லெட் ஏற்றி மூன்று நாள், இன்று 17,000. கைமெரிசம் 30ஆம் நாள் எடுக்கிறார்களாம். அம்மா இன்று போனில் அழவில்லை, அங்கே சோறு சரியில்லை என்று பேசினா.