காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறலாமா? மடிப்பாக்கம் முதல் தரமணி வரை

மடிப்பாக்கத்துவாசி எழுதியது:

வணக்கம். மடிப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். அலுவலகம் தரமணியில், டைடல் பூங்காவுக்கு அருகில் இருக்கிறது. கைவேலி, விஜயநகர், நூறடிச் சாலை வழியாக ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவு. இதுவரை காரில்தான் போய்வருகிறேன். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் விஜயநகர்ச் சந்திப்பைக் கடப்பதற்கே பெரும்பொழுது போய்விடுகிறது. அலுவலகத்தில் வண்டி நிறுத்த இடம் தேடும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டால், லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட பெட்ரோலை ஊர்ந்து செல்வதற்காக எரிக்கிறோமே என்று மனம் உறுத்துகிறது.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல் என்றும், நாள்தோறும் உடலுக்கு வேலை கொடுப்பது நல்லது என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சைக்கிளை நான் கடைசியாக ஓட்டியது கல்லூரி நாட்களில். இந்த வழியில் சைக்கிளில் போவது பாதுகாப்பானதா, வியர்வையோடு அலுவலகத்துக்குள் எப்படி நுழைவது, கியர் வைத்த வண்டிதான் வாங்க வேண்டுமா, காரை விற்றுவிடலாமா என்பவை என் ஐயங்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓரப்பாதை எழுதியது:

நண்பரே, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காரில் போகும் வழியிலேயே சைக்கிளிலும் போக வேண்டும் என்று நினைப்பதால்தான் பலர் தொடங்கிய வேகத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். காருக்கு அகலமான சாலை நல்லது. சைக்கிளுக்கு வேகம் குறைந்த சாலை நல்லது. அரைக் கிலோமீட்டர் கூடினாலும், குடியிருப்புகளுக்கு நடுவே செல்லும் உட்தெருக்களை இணைத்து ஒரு வழி அமைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலை காலியாக இருக்கும்போது ஒரு முறை ஓட்டிப் பார்த்து, எந்தத் தெரு முட்டுச்சந்து, எங்கே நாய்த்தொல்லை, எங்கே சாக்கடைப் பணிக்காகத் தோண்டியிருக்கிறார்கள் என்பதை நேரில் அறிந்துகொள்வது நலம்.

பிரதான சாலையைத் தவிர்க்க முடியாத இடங்கள் உங்கள் வழியில் இருக்கின்றன. விஜயநகரில் இரண்டடுக்கு மேம்பாலத்தின் மீது ஏற வேண்டாம். ஏற்றத்தில் நம் வேகம் குறையும் அதே இடத்தில்தான் மற்ற வண்டிகள் வேகமெடுக்கின்றன, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒதுங்கி நிற்கவும் இடமிருக்காது. பாலத்துக்குக் கீழே செல்லும் சாலையிலேயே போய், வலப்புறம் திரும்ப வேண்டுமானால் சாலையின் நடுவே வந்து காத்திராமல், சந்திப்பை நேராகக் கடந்து எதிர் மூலையில் நின்று, அடுத்த பச்சை விளக்கில் குறுக்குச் சாலை வண்டிகளோடு சேர்ந்து செல்லுங்கள். ஒரு விளக்கு நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இடது ஓரத்தை ஒட்டி ஒட்டிப் போவது பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் அதுதான் ஆபத்து. மழைநீர் வடிகால் மூடிகளின் கம்பி இடைவெளி நாம் செல்லும் திசையிலேயே அமைந்திருந்தால் முன்சக்கரம் அதற்குள் இறங்கிவிடும். நிறுத்தியிருக்கும் காரின் கதவு எந்த நொடியிலும் திறக்கலாம். அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிச் செல்லுங்கள். நிறுத்தத்தை நோக்கி ஒதுங்கும் மாநகரப் பேருந்தை இடப்பக்கமாக முந்தவே கூடாது. பின்னால் காத்திருங்கள், அல்லது பேருந்து கிளம்பட்டும்.

சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டிலேயே மோட்டார் சாராப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன் பயனாகச் சில சாலைகளில் நடைபாதைகள் அகலமாயின என்பது உண்மை. ஆனால் மடிப்பாக்கத்திலிருந்து தரமணி வரை தனிப் பாதை இருக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தால் பணி ஓய்வு வந்துவிடும்.

கடற்காற்று எழுதியது:

வியர்வையைப் பற்றிச் சொல்கிறேன். சென்னையில் வெயிலைவிட ஈரப்பதம்தான் தொல்லை. ஓட்டும்போது காற்று உலர்த்திக்கொண்டே வருவதால் ஒன்றும் தெரியாது, இறங்கி நின்ற பிறகுதான் வியர்வை பெருகும். ஆகவே போய்ச் சேர்ந்ததும் உடை மாற்றாதீர்கள். கால் மணி நேரம் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு, அதன் பின் மாற்றுங்கள். வார உடைகளைத் திங்களன்றே கொண்டுபோய் அலுவலகத்தில் வைத்துவிடுவது எளிது. முதுகில் பை மாட்டினால் சட்டை முழுவதும் நனையும். பின்பக்கக் கேரியரில் பக்கப்பை தொங்கவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒன்பது மணிக்குப் பதிலாக ஏழரைக்குப் புறப்படுவது. மே மாதத்துக் கத்திரி வெயிலில்கூட அந்த நேரத்தில் ஓட்டிவிடலாம்.

உங்கள் வழி மேற்கிலிருந்து கிழக்கே போவது என்பதால் ஒரு வசதி உண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை காலையில் மேலைக்காற்று முதுகில் தள்ளும்; பெரும்பாலான மாலைகளில் கடற்காற்று வீடுவரை தள்ளிக்கொண்டு வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் காலையில் எதிர்க்காற்று. இந்தக் காற்றுக்காகத்தான் கியர் உதவுமே தவிர, மேடே இல்லாத இந்த ஊரில் மலையேறும் வண்டிக்கான தடித்த டயரும் சஸ்பென்ஷனும் வீண் சுமை. ஏழு கியர் உள்ள சாதாரண வண்டி தாராளமாகப் போதும். சீட்டின் உயரத்தை மட்டும் சரியாக வையுங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டிவிட்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள்.

பறக்கும் ரயில் பயணி எழுதியது:

மேலே எழுதிய இருவரும் முழுத் தொலைவையும் சைக்கிளிலேயே கடக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேளச்சேரி வரை சைக்கிளில் சென்று, நிலையத்தில் பூட்டி வைத்துவிட்டுப் பறக்கும் ரயிலில் ஏறினால் பெருங்குடி, தரமணி, அடுத்தது திருவான்மியூர். அங்கிருந்து டைடல் பூங்கா நடக்கும் தூரம். மாநகரின் மிக மோசமான நெரிசலை இப்படித் தலைக்கு மேலேயே கடந்துவிடலாம். மழை நாளிலும் இருட்டிய பிறகும் இதுவே அறிவான ஏற்பாடு. இரத்த அழுத்தம் உள்ளவர் எடுத்த எடுப்பில் நாளொன்றுக்கு 18 கிலோமீட்டர் மிதிக்க வேண்டிய தேவை என்ன? நிலையத்தில் விடும் வண்டி பழையதாக இருப்பது நல்லது. புத்தம்புது வண்டியை அங்கே விட்டுவிட்டு நிம்மதியாக வேலை பார்க்க முடியாது.

மடிப்பாக்கத்துவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ரயில் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. தொடக்கத்தில் அப்படியே செய்துவிட்டு, பழகியபின் வாரத்தில் சில நாட்கள் முழு வழியும் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். காரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஓரப்பாதை எழுதியது:

இப்போதைக்கு விற்காதீர்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்லவேனும் வண்டி தேவைப்படும். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் சைக்கிளில் கடந்த பிறகு முடிவெடுங்கள். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மூன்றாம் நபர் காப்பீட்டைப் புதுப்பித்தே ஆக வேண்டும், அதில் சலுகை இல்லை. ஆனால் ஓடும் தொலைவுக்கேற்பக் கட்டணம் வசூலிக்கும் கூடுதல் திட்டத்தைச் சொந்தச் சேதக் காப்பீட்டோடு சேர்த்துக்கொள்ளக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022ஆம் ஆண்டு ஜூலையில் அனுமதித்தது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது உங்கள் முகவரிடம் கேளுங்கள். வாரம் ஒரு முறையாவது காரை வெளியே எடுத்து ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். மழையில் நனைந்து வந்த நாளில் செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் இங்கே துரு சீக்கிரம் பிடிக்கும். மட்கார்டு இல்லாத வண்டியைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள். வேளச்சேரியில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.